காட்டறிவைக் கைவிடலாமா?

இயற்கையின் சீற்றம் முன்னறிவித்து வந்தாலும் அறிவியாது வந்தாலும், அது வந்துவிட்ட பின்னர் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் கையையும் அயலவர் கையையுமே நம்பி நிற்கவேண்டியிருக்கின்றது. இது நாம் கற்பனையாகச் சொல்வதன்று. 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ‘டித்வா’ புயல் இலங்கையைத் தாக்கியபோது 600 இற்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. மலையகத்திலே மண்சரிந்து குடியிருப்புக்களை மூடியது. வடக்கிலும் கிழக்கிலும் வெள்ளம் ஊர்களைத் தீவுகளாக்கியது. பாதைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது, பல இடங்களில் தொலைபேசியும் ஊமையாயிற்று. உதவி அனுப்ப விரும்பியோர் பலர் இருந்தனர். அதனைக் கொண்டுசேர்க்கும் வழிதான் இருக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு தாய்க்குத் தேவைப்பட்டவை எவை? பிள்ளைக்குக் கொடுக்கத் தூயநீர் ஒரு செம்பு. நனைந்த விறகிலே மூட்டிய நெருப்பு. தலைக்குமேல் ஒரு கூரை. வயிற்றுக்கு ஒருவேளைக் கஞ்சி. எந்தத் திசையில் நடந்தால் மேட்டுநிலம் வரும் என்ற தெளிவு. இந்த ஐந்தையும் தேடிக்கொள்ளும் ஆற்றலைத்தான் நாம் காட்டறிவு என்கின்றோம். காட்டிலே வாழ்ந்தோரும், கடலிலே தொழில் செய்தோரும், குளத்தையும் வயலையும் நம்பியிருந்தோரும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த செல்வம் அது. அச்செல்வம் நம் கண்முன்னே கரைந்துகொண்டிருக்கின்றது. அதனைக் காப்பதற்குப் படித்த தமிழரும் பயிரிடும் தமிழரும் ஒன்றுசேர வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது.

நாகரிகத்தைத் துறந்து மரவுரி தரிக்கச் சொல்லுகிறோம் என்று எவரும் நினைக்கவேண்டாம். மின்விளக்கு வேண்டும், குழாய்நீர் வேண்டும், நல்ல பாதையும் வைத்தியசாலையும் வேண்டும். ஆனால், இவையெல்லாம் ஓர் இரவிலே அற்றுப்போகக்கூடியவை என்பதை இந்நாட்டிலே தமிழ் மக்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

உலகம் காட்டும் சான்றுகள்

2023 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் தேதி தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் அமேசன் பெருங்காட்டிலே சிறு விமானமொன்று விழுந்தது. அதிலிருந்த வயதுவந்தோர் மூவரும் இறந்தனர். எஞ்சியவர்கள் நான்கு சகோதரர்கள். மூத்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி, கடைக்குட்டி ஒருவயது நிரம்பாத மதலை. ஜாகுவாரும் பாம்பும் உலவும் அக்காட்டில் நாற்பது நாட்கள் கழித்து, ஜூன் மாதம் 9 ஆந் தேதி, நால்வரும் உயிருடன் கண்டெடுக்கப்பட்டனர். விமானத்திலிருந்த மரவள்ளி மாவை முதலில் உண்டனர். அது தீர்ந்தபின் காட்டிலே உண்ணத்தகுந்த காய்களையும் விதைகளையும் தேடிக்கொண்டனர். அப்பிள்ளைகள் பழங்குடியினர். எந்தக் கனி உணவு, எந்தக் கனி நஞ்சு என்பதை அவர்களுக்கு வீட்டு மூத்தோர் பழக்கியிருந்தனர். அவர்களைத் தேடி நூற்றுக்கு மேற்பட்ட படையினர் கருவிகளுடன் காட்டில் இறங்கினர். அவர்களோடு பழங்குடித் தொண்டர்களும் சென்றனர். இறுதியிற் பிள்ளைகளைக் கண்டவர்கள் அந்தப் பழங்குடித் தொண்டர்களே.

இன்னுமொரு சான்று நமக்கு மிக அண்மையானது, நெஞ்சைச் சுடுவது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் தேதி சுமாத்திராவின் மேற்குக் கடலில் நிலம் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி மையத்துக்கு மிக நெருங்கியிருந்த தீவுகளில் ஒன்று சிமெலூ. சில நிமிடங்களில் அங்கே ஆழிப்பேரலை எழுந்தது. ஆயினும், ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் எழுவரே. காரணம் என்ன? 1907 ஆம் ஆண்டு அத்தீவை ஓர் ஆழிப்பேரலை அழித்தது. பிழைத்தவர்கள் அந்த அனுபவத்தை ‘சுமொங்’ என்ற ஒரே சொல்லிலே அடைத்துப் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லிவந்தனர். நிலம் வலுவாக அதிர்ந்தால், கடல் உள்வாங்கினால், பொருளைத் தேடாதே, மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த ஒரு சொல் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

நம் கரைக்கு அதே அலை வந்துசேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. சிமெலூ மக்களுக்குக் கிடைத்ததைவிடப் பன்மடங்கு கூடிய அவகாசம் நமக்கு இருந்தது. ஆயினும் முல்லைத்தீவிலும், வடமராட்சி கிழக்கிலும், மட்டக்களப்பிலும், அம்பாறையிலும், தென்னிலங்கைக் கரைகளிலுமாக இத்தீவு ஏறத்தாழ 35,000 உயிர்களைப் பறிகொடுத்தது. எச்சரிக்கை மணியும் இல்லை. முன்னோர் விட்டுச்சென்ற சொல்லும் இல்லை. கடலறிந்த மக்கள் நம்மிடையே இல்லாமற்போகவில்லை. ஆனால் அப்படியோர் அலையை நம் கரை நெடுங்காலமாகக் கண்டதில்லை. இன்று கண்டுவிட்டோம். இனி வரும் நூறாண்டுக்கும் அந்த நினைவைக் கைமாற்றிக் கொடுக்கும் ஒரு சொல்லை நம் கரையோரப் பிள்ளைகளின் காதிலே போட்டுவிட்டோமா? ஆண்டுதோறும் விளக்கேற்றி அஞ்சலி செய்கின்றோம், அது கடமை. விளக்கேற்றும் அதே நாளில், எந்த ஒழுங்கையால் ஓடினால் எந்த மேட்டை அடையலாம் என்று பிள்ளைகளை ஒருமுறை நடத்திக்காட்டுவதும் அஞ்சலியே அன்றோ?

நாம் கடந்துவந்த பாதை

உலகத்துச் சான்றுகள் ஒருபுறமிருக்க, நம் வாழ்க்கையே ஒரு பெரும் பாடசாலை. 1990 ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடையினுள் அகப்பட்டுக் கிடந்தது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது, சவர்க்காரமும் மின்கலமும் தங்கத்துக்கு ஒப்பாயின. அந்நாளில் மக்கள் மலைத்து உட்காரவில்லை. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டுச் செய்த விளக்கின் ஒளியிலே ஒரு தலைமுறை படித்துப் பரீட்சையிற் சித்தியெய்தியது. சைக்கிளின் ‘டைனமோ’வைச் சுழற்றி வானொலி கேட்டனர். பனம்பழக் களியிலே துணி தோய்த்தனர். இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் உள்ள பலர் அந்த ஜாம் போத்தல் விளக்கின் பிள்ளைகள்.

1995 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆந் தேதி வலிகாமம் ஓரிரவிலே எழுந்து நடந்தது. இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்குச் சென்றனர். அவர்களுட் பலர் பின்னர் வன்னிக்குப் புகுந்தனர். நகரத்திலே கல்வீட்டில் வாழ்ந்தவர்களுக்குக் காட்டுத்தடி வெட்டிக் கொட்டில் போடத் தெரியாது. எந்தத் தடி கறையானுக்கு இரையாகும், எது பல ஆண்டு நிற்கும் என்பது தெரியாது. யானை வரும் வழி எது, குளத்து நீரில் எது குடிக்கத்தக்கது என்பதும் தெரியாது. அவற்றைக் கற்பித்தவர்கள் வன்னியின் கமக்காரரும், வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த எளிய மக்களுமே. அதுவரை ‘காட்டார்’ என்று பட்டணத்தார் இகழ்ந்த அம்மக்களே அன்று ஆசிரியராயினர். இந்த உண்மையை நாம் மறைத்தலாகாது.

2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் நிகழ்ந்தவற்றை ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை. அரிசியும் உப்பும் நீருமாய்க் காய்ச்சிய கஞ்சியே முள்ளிவாய்க்காலில் எத்தனையோ உயிர்களை ஒருநாளிலிருந்து மறுநாளுக்குக் கொண்டுசென்றது. அந்தக் கஞ்சியை இன்று நினைவுக்காகக் காய்ச்சுகின்றோம். அதனைக் காய்ச்சக் கற்றுவைத்திருந்த கைகளையும் நினைக்கவேண்டும்.

இத்தனை பட்டறிந்த ஒரு சமூகம், அமைதி வந்து ஒரு தலைமுறை கழிவதற்குள் எல்லாவற்றையும் மறந்துவிட ஆயத்தமாயிருக்கின்றது. எரிவாயு அடுப்பு ஒருநாள் நின்றால் என்ன செய்வதென்று திகைக்கும் வீடுகள் பெருகிவிட்டன. 2022 ஆம் ஆண்டில் நாடு வங்குரோத்தாகி, எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மக்கள் இரவுபகலாக வரிசையில் நின்றபோது நாம் இதனைக் கண்ணாரக் கண்டோம். அன்று தலைநகரின் மாடிவீடுகளில் அடுப்பெரியவில்லை. வளவிலே பனையுள்ள வீட்டில் அடுப்பெரிந்தது.

எவற்றைக் காக்கவேண்டும்?

வளவிலுள்ள பனையே ஓர் அவசரகாலக் களஞ்சியம் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். பன்னாடை விரைந்து தீப்பற்றும். கங்குமட்டையும் பாளையும் நின்றெரியும். ஊமல் தணலைப் பேணும். மாரி தொடங்குமுன் இவற்றைப் பொறுக்கி மழைபடாத இடத்தில் அடுக்கிவைப்பது வீட்டின் ஒழுங்காயிருந்தது. புழுக்கொடியலும் ஒடியலும் பனாட்டும் மாதக்கணக்கில் கெடாதிருப்பவை. நெல்லைக் கொம்பறையில் இட்டும், மீனைக் கருவாடாக்கியும், மிளகாயை மோரிலே ஊறவைத்து உலர்த்தியும் மாரியை எதிர்கொண்டனர். இக்காலத்து நிபுணர் ‘அவசரகாலக் கையிருப்பு’ என்று கூறுவதும் இதுவே.

அடுத்தது நீர். வெள்ளத்துக்குப் பின்னர் மக்களை வதைப்பது வெள்ளத்தைவிட வயிற்றோட்டமே. கலங்கல் நீரைத் தெளியவிட்டு, பல மடிப்பான துணியிலே வடித்து, குமிழி பொங்கக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பது பழைய ஒழுக்கம். துணியிலே வடிப்பதைச் சிறிதென எண்ணவேண்டாம். வங்காளதேசத்தின் மட்லாப் பகுதிக் கிராமங்களில், பழைய சேலைத் துணியை நான்கு மடிப்பாக மடித்து நீரை வடித்த வீடுகளில் வாந்திபேதி ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது என்று 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. விறகில்லாத இடத்திற் கதிரவனும் உதவுவான். தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் கிடத்தினால் நோய்க்கிருமிகள் பெரிதும் அழியும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாட்கள் கிடத்தவேண்டும். தென்னையிலே இளநீர் உள்ளவரை, கைபடாத தூயநீர் மரத்திலே தொங்குகின்றது என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது, குறியறிதல். வாடையும் சோளகமும் கொண்டலும் கச்சானும் எப்போது பெயரும், கடலின் நிறமும் இரைச்சலும் மாறினால் என்ன பொருள் என்பதைக் கரையூர் முதியோர் அறிவர். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் வட இலங்கையைக் கிழித்துச் சென்று தனுஷ்கோடியைக் கடலுக்குள் ஆழ்த்தியது. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் தேதி வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தை உருக்குலைத்தது. இவற்றைக் கண்டோர் சிலர் இன்றும் நம்மிடையே உளர். சூறாவளியின் கண் ஊரைக் கடக்கும்போது காற்றுத் திடீரென அடங்கும், வானமும் வெளிக்கும். ஓய்ந்தது என்றெண்ணி வெளியே வந்தவனை, சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து எழும் காற்று அடித்துக் கொல்லும். இதனை ஒரு பிள்ளை அறிந்திருந்தால் ஒரு வீடே பிழைக்கும்.

மலையகத்திலும் நிலம் பேசாமற் சரிவதில்லை. தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்புத் தோன்றும். மரங்களும் கம்பங்களும் சாயும். ஊற்று திடீரெனக் கலங்கும், அல்லது இல்லாத இடத்திலே சுரக்கும், அல்லது சுரந்துகொண்டிருந்தது நின்றுபோகும். தேயிலைச் சரிவில் நாள்தோறும் நடக்கும் தொழிலாளப் பெண்ணே இக்குறிகளை முதலிற் காண்பவள். அவள் கண்டதைக் கேட்டு உடனே நடவடிக்கை எடுக்க ஓர் உத்தியோகத்தர் இருக்கின்றாரா என்பதே கேள்வி.

நான்காவது, திசையும் கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பார்ப்போர்க்குத் துருவ நட்சத்திரம் வட அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 10 பாகை உயரத்திலேதான் நிற்கும், மரங்கள் மறைத்துவிடும். ஆகவே நம் மீனவர் கிழக்கே எழுந்து மேற்கே சாயும் வெள்ளிகளையும் துணையாகக் கொண்டனர். வாழைத்தண்டுகளைப் பிணைத்துத் தெப்பம் கட்டுதல், இறுகவும் வேண்டும்போது அவிழவும் கூடிய முடிச்சிடுதல், ஓடும் வெள்ளத்தைக் கடக்கும் முன் தடியால் ஆழம் பார்த்தல் என்பன எந்தக் கல்லூரியிலும் பாடமாக இல்லை. வாகரைப் பக்கத்திலும் மூதூர் கிழக்கிலும் வாழும், தமிழ் பேசும் கரையோர வேடர் காட்டையும் கடலையும் ஒருங்கே அறிந்தவர்கள். அவர்களைத் தேடிச்சென்று கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

பதரை நீக்குதல்

பழையது என்பதனாலேயே எல்லாம் நன்றாகிவிடாது. நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவது கமக்காரன் அறியாத வேலையன்று. அறிவையும் அவ்வாறே தூற்றவேண்டும். இங்கேதான் படித்தோரின் பணி தொடங்குகின்றது.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும், கல் வைப்பதும் இன்றும் ஆங்காங்கே நிகழ்கின்றன. புடையனும் நாகமும் எட்டடி விரியனும் கடித்த உடம்புக்கு இவற்றால் ஒரு பயனுமில்லை, கேடே விளையும். கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, மோதிரம் காப்பு முதலியவற்றைக் கழற்றி, நடக்கவிடாது சுமந்து, விஷமுறிவு மருந்துள்ள வைத்தியசாலைக்கு விரைதலே உயிர்காக்கும் வழி. பாதை அறுந்த காலத்திலே நோயாளியைச் சுமக்க இரண்டு தடியும் ஒரு சாக்கும் கொண்டு பாடை போலக் கட்டும் வித்தையைக் காட்டறிவு தரும். எங்கே சுமப்பது என்பதை வைத்தியம் சொல்லும். இரண்டும் சேர்ந்தாலன்றி உயிர் தங்காது.

தேத்தாங்கொட்டையை உரைத்து விட்டால் கலங்கல் நீர் தெளியும் என்பது உண்மை. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூயநீராகாது; தெளிந்தபின்னும் கொதிக்கவைக்கவே வேண்டும். கொதிநீருக்கும் ஓர் எல்லையுண்டு. கிருமியை அது கொல்லும்; எண்ணெய்க் கழிவையோ, உரத்தினால் நிலத்தடி நீரிற் சேர்ந்த நைத்திரேற்றையோ அது நீக்காது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் உவர்பட்ட கிணறுகளை இயந்திரத்தால் ஓயாது இறைத்தால் நன்னீர் ஊறும் என்று நினைத்தல் இயல்பே. ஆனால் மிகையாக இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும். மழை கழுவும்வரை பொறுத்திருக்கவேண்டிய கிணறுகளும் உள. இதனை நிலத்தடி நீரியல் அறிந்தோரே ஊருக்குச் சொல்லவேண்டும்.

உணவிலும் அவ்வாறே. பாலையும் வீரையும் பழுக்கும் காலத்திலே காடு பசியாற்றும். வற்றிய குளத்துச் சேற்றிலே கொட்டிக்கிழங்கு கிடைக்கும். ஆனால் அறியாத கையால் கிழங்கு தோண்டுதல் ஆபத்து. கார்த்திகைப் பூவின் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென மயங்கி உண்டு மாண்டோர் இந்நாட்டில் உளர். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பை வடித்தபின்னரே சமைக்கவேண்டும் என்ற வழக்கத்துக்கும் காரணம் உண்டு. அந்தப் படியை விட்டுவிட்டு மாவை மட்டும் நினைவில் வைத்திருப்பவனுக்கு அரைகுறை அறிவே நஞ்சாகும். ஆகவே, அறிவு தொடர்ச்சியாகக் கைமாறவேண்டும். இடையிலே ஒரு தலைமுறை அறுந்தால், மீண்டும் ஒட்டுவது எளிதன்று.

அரசின் பொறுப்பு

மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கற்கவேண்டும் என்று நாம் சொல்வதைக் கேட்டு, ‘அப்படியாயின் எமக்கு வேலையில்லை’ என்று ஆட்சியாளர் கைகழுவ இடமில்லை. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் மக்களைக் காக்கும் பொறுப்பை அரசின் தலைமேலேயே வைத்திருக்கின்றது. 1987 ஆம் ஆண்டு நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே. எனவே, புயலும் வெள்ளமும் மண்சரிவும் பற்றிய ஒவ்வோர் எச்சரிக்கையும் சிங்களத்தில் வெளிவரும் அதே நொடியில், பிழையற்ற தமிழில், மக்கள் விளங்கிக்கொள்ளும் சொற்களில் வெளிவரவேண்டும். உயிர்காக்கும் செய்தியை மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கவைப்பது நிர்வாகக் குறைபாடு மாத்திரமன்று. அது உயிரோடு விளையாடுதலாகும்.

இன்னுமொன்று. காடு காக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்தில்லை. காடழிந்தால் குளம் அழியும், குளம் அழிந்தால் வயல் அழியும். ஆனால் தலைமுறையாகத் தேனெடுத்தும், விறகு பொறுக்கியும், மேய்ச்சலுக்கு மாடு விட்டும் காட்டோடு கலந்து வாழ்ந்தவனை ஒரே வர்த்தமானி அறிவித்தலால் அந்நியனாக்கிவிட்டால், அவனோடு சேர்ந்து அவன் அறிவும் வேலிக்கு வெளியே நின்றுவிடும். காட்டை அறிந்தவனைக் காவலனாகக் கொள்ளும் சட்டமே காட்டையும் காக்கும். ஆபத்துக் காலத்தில் ஊரையும் காக்கும்.

செய்யவேண்டியவை

பேச்சு போதும், செயல் வேண்டும். பெருந்தொகைப் பணமோ அமைச்சரின் கையெழுத்தோ தேவைப்படாத நான்கு பணிகளை நாம் முன்வைக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வோர் ஊர்ச் சனசமூக நிலையமும் ஓர் ஊர்க் கையேட்டை எழுதவேண்டும். 1964 இலும் 1978 இலும் 2004 இலும் 2025 இலும் வெள்ளம் எவ்விடம்வரை வந்தது, எந்த மேடு மூழ்கவில்லை, எந்தக் கிணறு உவர்க்கவில்லை, எந்தப் பாலம் முதலில் உடையும், எந்த வீட்டில் வள்ளமும் கயிறும் உண்டு, எந்த வீட்டில் நடக்கமுடியாத முதியவர் உளர் என்பவற்றை எழுதிவைக்கவேண்டும். எழுதும் பணி ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது. சொல்லும் பணி எழுபது வயதைக் கடந்தோருக்கு உரியது. இப்பணிக்கு நாட்கள் குறைவு. ஒவ்வொரு மரணச் சடங்கோடும் இந்தக் கையேட்டின் ஒரு பக்கம் எரிந்துபோகின்றது.

இரண்டாவது, ஆண்டுதோறும் புரட்டாதி மாதத்தில், மாரிக்கு முன், ஒவ்வொரு பாடசாலையும் ஒருநாளை இதற்கென ஒதுக்கவேண்டும். அன்று வகுப்பறை மூடியிருக்கட்டும், மைதானம் வகுப்பறையாகட்டும். நனைந்த விறகில் தீ மூட்டல், நீர் தூய்மையாக்கல், முடிச்சுக்கள், கொட்டில் போடல், திசையறிதல், நோயாளியைச் சுமத்தல் ஆகிய ஆறையும் பிள்ளைகள் தம் கையாற் செய்து பழகட்டும். ஆண்பிள்ளைக்கு முடிச்சும் பெண்பிள்ளைக்கு அடுப்பும் என்று பிரிக்கவேண்டாம். வெள்ளம் அப்படிப் பிரித்துப் பார்த்து வருவதில்லை. ஆசிரியராக அன்று வருபவர் மீனவரும் கமக்காரரும் தேனெடுப்பவருமாக இருக்கட்டும். அவர்களுக்குக் கதிரை போட்டு, ‘ஐயா’ என்றும் ‘அம்மா’ என்றும் அழைத்து, மாலையிட்டு அமர்த்துங்கள். பரீட்சையில் புள்ளி பெறுவதே கல்வியென்று எண்ணும் பெற்றோர் இதனைக் காலவிரயம் என்பர். அந்த ஒருநாள் பயிற்சி தம் பிள்ளையை உயிருடன் வீட்டுக்குக் கொண்டுவரும் நாளொன்று வரக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கட்டும்.

மூன்றாவது, தொழில்சார் அறிஞர்கள் தத்தம் ஊருக்கு ஆண்டில் இரண்டு நாட்களையேனும் கொடுக்கவேண்டும். வைத்தியர் முதலுதவியையும், பொறியியலாளர் கூரையைக் காற்றுக்கு எதிராகப் பிணைக்கும் முறையையும், புவியியல் அறிந்தோர் வெள்ளம் ஓடும் வழியையும் ஊராருடன் அமர்ந்து ஆராயட்டும். கற்பிக்கப் போவதாக மாத்திரம் எண்ணிச் செல்லவேண்டாம். கேட்கவும் ஆயத்தமாகச் செல்லுங்கள். கடல்கடந்து வாழும் நம் உறவினரும் பணம் அனுப்புவதோடு நில்லாமல், தம் ஊரைப்பற்றி அறிந்த முதியோரின் சொற்களைப் பதிவுசெய்து அனுப்பட்டும்.

நான்காவது, ஒவ்வொரு வீடும் மாரிக்குமுன் ஒரு மூலையை ஆயத்தஞ் செய்யட்டும். மூன்று நாட்களுக்கான அரிசியும் பருப்பும் உப்பும், மூடிய பாத்திரத்தில் நீர், நனையாத உறையில் தீப்பெட்டி, உலர்ந்த விறகு, நீண்ட கயிறு, கத்தி, வேண்டிய மருந்து, அடையாள அட்டையும் காணி உறுதியும் பொதிந்த நீர்புகாப் பை ஆகியன அங்கே இருக்கட்டும். இடம்பெயர்ந்து பழகிய நம் மக்களுக்கு உறுதியையும் அட்டையையும் பற்றி நாம் சொல்லித்தரவேண்டியதில்லை.

ஏட்டறிவுடையோரும் காட்டறிவுடையோரும் ஒரே பந்தியில் அமரும் நாளிலேதான் நம் சமூகம் இடரை எதிர்த்து நிற்கும் வலிமை பெறும். ஒருவரை மற்றவர் இகழும்வரை இரண்டு அறிவும் பாதியறிவே. கமக்காரப் பெருமக்களே, உங்களிடம் உள்ளது நாட்டுப்புறப் பழக்கம் என்று நாணி மறைக்காதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கற்றறிந்த பெரியோர்களே, அதனைச் சோதித்து, பதரை நீக்கி, மணியை எழுதிவையுங்கள். அடுத்த புயலுக்கு நாள் குறிக்க எவராலும் இயலாது. அடுத்த புரட்டாதி எப்போது வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இப்பணியைத் தொடங்குவோமாக!